இருமல் கேட்காத வார்டு

போன வாரம் வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் தனக்கு வந்த இருமலை விழுங்கினாள். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம். தொண்டைக்குள் அமுங்கும் அந்தச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. "இருமிடும்மா, பரவாயில்ல" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் நகர்ந்துகொண்டாள்.

நான் பழனிக்காரி, வெயிலில் வளர்ந்த உடம்பு. எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானல் பக்கம் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் தற்காலிக நர்ஸாகச் சேர்ந்தேன். யூனிஃபார்முக்குள் இரண்டு ஸ்வெட்டர். தலையணைக்குக் கால் முளைத்த மாதிரி இருப்பேன், சிரிக்காதீர்கள். சுத்தக் காற்று வேண்டுமென்று அங்கே ஜன்னலை மூடவே மாட்டார்கள். மத்தியானமே பனிமூட்டம் உள்ளே வந்து கட்டில்களுக்கு நடுவே நிற்கும். முகம் தெரியாது, இருமல்தான் கேட்கும். யாருடையது, வறட்டிருமலா, ரத்தம் வரப்போகிறதா என்று காதாலேயே கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

வருடத்துக்கு ஒருமுறை பெரிய டாக்டர் வந்து வார்டைப் பார்த்து எங்களைப் பற்றி ரகசிய அறிக்கை எழுதுவார். என்ன எழுதினார் என்று எங்களுக்குக் காட்ட மாட்டார்கள். சத்தமில்லாத வார்டுதான் அவருக்கு நல்ல வார்டு என்று பேச்சு. நல்ல பேர் வந்தால்தான் என் வேலை நிரந்தரமாகும். இது நோயாளிகளுக்கும் தெரியும்.

அவர்களில் லெச்சுமி சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி, பக்கத்து மலைக்கிராமமான வடகவுஞ்சியில் கூலி வேலை பார்த்தவள். நர்ஸை ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவாள்.

"தொரை வாற நேரம் மலையில சத்தம் கேக்கப்படாது மிஸ்ஸி. கேட்டா கங்காணிக்குத்தான் பேரு கெடும்" என்றாள் ஒருநாள். துரைக்குப் பயந்து கூலியாட்களை மேய்த்த கங்காணி காலத்துப் பழங்கதை என்று தலையாட்டிவிட்டுப் போனேன்.

டாக்டர் வந்த அன்று நல்ல மூட்டம். காலையில்கூட லொக்கு லொக்கென்று கேட்ட வார்டில் மூச்சுச் சத்தம் இல்லை. அவருடைய பூட்ஸும் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரும்தான் கேட்டன. கட்டிலுக்குக் கட்டில் கண்கள் திறந்திருந்தன. மூக்குக்குக் கீழே எல்லாம் கம்பளி. டாக்டர் ஒரு கட்டிலருகே நின்றார்.

"இருமல் எப்படிம்மா இருக்கு?"

ஒருத்தி கம்பளியை விலக்கினாள். "இல்லீங்க." மறுபடி மூடிக்கொண்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்து "வெரி குட்" என்றார்.

ஜீப் கிளம்பியதும் வார்டே வெடித்து இருமியது. லெச்சுமி மட்டும் இருமவில்லை. அவள் கம்பளியை இழுத்துப் பார்த்தேன். உள்பக்கமெல்லாம் ரத்தம்.

"வெரசா ஜீப்ப நிறுத்தி டாக்டரக் கூட்டியாங்க" என்று கத்தினேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"பேரு நல்லா வந்துச்சா மிஸ்ஸி?"

எனக்கென்ன தெரியும். "வந்துச்சு" என்றேன். டாக்டர் திரும்பி வருவதற்குள் அவள் மூச்சு அடங்கிவிட்டது.

டாக்டர் வந்த அன்று பக்கத்து வார்டில் வழக்கம்போல இருமியிருந்தார்கள். அந்த வார்டு சிஸ்டருக்கு மாற்றல் வந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை, நாங்களே புரிந்துகொண்டோம். அடுத்த வருடம் எல்லா வார்டும் அமைதியாகிவிட்டது, டாக்டர் வராத நாளிலும். பயிற்சிக்கு வந்த பெண்களுக்குக் காதால் கற்க ஒன்றுமில்லை. என் காதும் அத்தோடு நின்றது.

இப்போது அங்கே ஆஸ்பத்திரி இல்லை, சுற்றுலா விடுதி இருக்கிறது. காசநோய்க்கு வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுகிறார்கள், நல்லதுதான். எனக்கு நிரந்தர உத்தரவு வந்த நாள்தான் மறக்கவில்லை. சொல்லலாமென்று வார்டுக்குப் போனேன். லெச்சுமியோடு இருந்த பெண்களில் ஒருத்திகூட இல்லை. சிலர் குணமாகிப் போயிருந்தார்கள், சிலர் செத்துப்போயிருந்தார்கள். படுத்திருந்த புதியவர்கள் என் காலடி கேட்டதும் கம்பளியை வாய்க்கு இழுத்துக்கொண்டார்கள்.