காய்ச்சாத பால்

கல்யாணமாகி மைசூருக்கு வந்த புதிது. புகுந்த வீட்டில் விருந்தாளி போலத்தான் இருந்தேன். என் ஆராய்ச்சியோ பசும்பாலில். மாட்டின் செல்கள் வெளியே விடும் மிக நுண்ணிய பைகள் பாலில் மிதக்கின்றன. அவற்றைப் பிரித்து மருந்தை ஏற்றினால், நம் செல்கள் தயங்காமல் உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பது எங்கள் நம்பிக்கை. பால் கொதித்தால் பைகள் பாழ்.

ஒரு மாலை, கறந்த பாலை வாங்கி வந்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் மதியம்தான் பைகளைப் பிரிக்கும் இயந்திரத்தில் என் முறை. தவறினால் மறுபடி எப்போது கிடைக்குமோ! ஆனால் வீட்டில் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

காலையில் மாமனார் காபி டம்ளரை நீட்டினார். கொள்ளேகால்காரர், காலைக் காபி அவர் பொறுப்பு.

"பாலு நல்ல கெட்டி அம்மணி. பச்சையா விட்டாத் திரிஞ்சு போயிருமுன்னு அத்தனையும் காச்சிப்போட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. விஷயத்தைச் சொல்லிவிட்டு, காபியைத் தொடாமல் கிளம்பினேன்.

மதியத்துக்கு முன்பே ஆய்வகத்துக் காவலாளி கூப்பிட்டார். வாசலில் மாமனார். கையில் ஐஸ் போட்ட வாளி, அதற்குள் பால் தூக்கு.

"நஞ்சன்கூடு ரோட்டுல கிட்டவே நின்னு கறக்கச் சொல்லி வாங்கியாந்தேன். காச்சல அம்மணி."

பிறகு பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தார்.

"இது நீ குடிக்காம வந்த காப்பி. காச்சுன பாலு. மெசின்ல மாத்தி ஊத்திப்போடாத."

அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தது, ஆய்வகத்து வாசலில் நின்று அந்தக் காபியைக் குடித்தபோதுதான்.