பாசிக்குக் கண் இருக்குமா?

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்துச் சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு நான்தான் உச்ச நீதிமன்றம். கடையில் நின்றபடியே பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, "இது நாம சாப்பிடலாமா?" என்று கேட்பார்கள். தயிரில் ஜெலட்டின், சாஸில் நெத்திலி என்று எது ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துத் தள்ளுபடி செய்துவிடுவேன். ஆபீசிலும் எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைதான். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குபவள் என்பதால் கொஞ்சம் திமிரும் உண்டு.

எதிர்வீட்டு ஆண்ட்டி சென்னையிலிருந்து வந்து மகனோடு இருப்பவர். முட்டை போட்ட கேக்கை வெட்டிய கத்தியைக்கூடத் தொடமாட்டார். என்னிடம் கேட்காமல் இந்த ஊரில் எந்தப் பாக்கெட்டையும் பிரிக்கமாட்டார். வசந்த காலத்தில் அவருக்கு முட்டி வலி வந்தபோது யாரோ ஒமேகா மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். பெரும்பாலும் அது மீன் எண்ணெய், அது நிச்சயம் ஆகாது. அதனால் கடையிலிருந்து வேறொரு பாட்டிலின் முன்பக்கப் படத்தை அனுப்பினார். கிரில் எண்ணெய், மீன் வாடை இல்லாதது என்று போட்டிருந்தது. நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். கிரில் என்றால் திமிங்கலம் மேய்கிற ஏதோ கடல்பாசி என்று எப்படியோ என் மண்டையில் ஏறியிருந்தது. பின்பக்கத்தைக் கேட்கவே இல்லை. "தாராளமா எடுத்துக்கோங்க ஆண்ட்டி" என்று எழுதி, கட்டைவிரல் படம் ஒன்றையும் போட்டு அனுப்பினேன்.

மூன்று மாதத்தில் முட்டி வலி குறைந்துவிட்டது என்று சொல்லி, ஆண்ட்டி எனக்கு ஒரு டப்பா தேங்காய் பர்பி செய்து கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஆண்ட்டியை மான்டரே கடற்கரைக்குத் திமிங்கலம் காட்ட அழைத்துப் போனேன். மகனுக்கு அன்று ஆஸ்பத்திரியில் டியூட்டி. புடவை மேல் மகனுடைய பெரிய ஜாக்கெட், காலில் வெள்ளை ஷூ, கையில் இஞ்சிமுரப்பா பொட்டலம் சகிதம் ஆண்ட்டி படகின் முன்வரிசையில் உட்கார்ந்தார். மைக்கில் விளக்கம் சொன்ன பெண் இரண்டு தடவை அண்டார்க்டிகா பக்கம் ஆராய்ச்சிக் கப்பலில் போய்வந்தவள். படபடவென்று பேசினாள்.

"அவ என்ன சொல்றான்னு எனக்குச் சொல்லிண்டே வா" என்றார் ஆண்ட்டி.

சொல்லிக்கொண்டே வந்தேன். தண்ணீரை ஒட்டிப் பறந்த கரிய பறவைக் கூட்டம் நியூசிலாந்துப் பக்கம் கூடு கட்டும் என்றேன். குஞ்சுக்கு இரை தேடி அண்டார்க்டிக் கடல்வரை போய்வரும், நமக்குக் கோடை வந்ததும் உலகத்தின் பாதியைத் தாண்டி இங்கே வந்துவிடும் என்றேன். "ரிட்டர்ன் டிக்கெட்டோட வந்திருக்கு, என்னை மாதிரி" என்று ஆண்ட்டி சிரித்தார். நானும் நல்ல உற்சாகத்தில் இருந்தேன்.

அப்போது அந்தப் பெண் கிரில் என்றாள். விரல் நீளம்கூட இல்லாத, இறால் வகைப் பிராணி என்றாள். தென்துருவத்தில் திமிங்கலம், பென்குயின், சீல், பறவை எல்லாமே இதை நம்பித்தான் இருக்கின்றன என்றாள்.

அந்த இடத்தில் மட்டும் என் மொழிபெயர்ப்பு நின்றது.

"கிரில்னாளே, என் மாத்திரைதானே அது? என்னன்னு சொல்றா?"

"ஒரு மாதிரி பாசி ஆண்ட்டி" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் "கிரில்" என்று சொல்லி ஒரு கண்ணாடிக் குப்பியை எல்லோர் கைக்கும் கொடுத்துக்கொண்டே வந்தாள். ஆண்ட்டி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். உள்ளே நிறைய கால்களும் இரண்டு கருப்புக் கண்களுமாக ஒன்று மிதந்தது.

"ஏம்மா, பாசிக்குக் கண் இருக்குமா?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பின்பக்கம் படிக்காதது, மீட்டிங், இறால் வகை, இப்போது சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆண்ட்டி குப்பியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். "தெரியாம மூணு மாசம் சாப்பிட்டதுக்குப் பெருமாள்கிட்ட நான் பேசிக்கறேன். தெரிஞ்சுண்டே பாசின்னு சொன்னியே, அதுக்கு உன்கிட்ட என்ன பேசறது?"

இஞ்சிமுரப்பா பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஒரு இடம் தள்ளி உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கழித்து, கடலைப் பார்த்தபடியே, "அவ பேசறாளே, சொல்லு. எதையும் முழுங்காம சொல்லு" என்றார்.

முழுங்காமல் சொன்னேன். வலப்பக்கம் ஒரு கூன்முதுகுத் திமிங்கலம் வாயைத் திறந்தபடி எழும்பி, படகே குலுங்கும்படி விழுந்தது. ஆண்ட்டி கோபத்தை மறந்து "அம்மாடி!" என்று கைதட்டினார். அது போன இடத்தில் செங்கல் நிறத்தில் தண்ணீர் கலங்கி நின்றது. கிரில் தின்ற திமிங்கலத்தின் கழிவு அது, அதில்தான் நுண்பாசி வளர்கிறது, அந்தப் பாசியைக் கிரில் தின்கிறது என்றேன். ஆண்ட்டி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தார். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

கடைசியில் அந்தப் பெண் குரலை இறக்கினாள். தெற்கே பனி குறைகிறது. பனிக்கு அடியில் வளரும் பாசியை நம்பிய கிரில் குஞ்சுகளுக்கு ஆபத்து. போதாததற்கு, நம் மாத்திரைக்காகவும் கப்பல்கள் போய், பென்குயினும் திமிங்கலமும் சாப்பிடும் இடத்திலேயே கிரிலை அள்ளுகின்றன என்றாள்.

இதை விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆண்ட்டிக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. ஏற்கெனவே நொந்திருப்பவரை இன்னும் எதற்கு நோகடிக்க வேண்டும்? ஆனாலும் சொன்னேன். "நம்ம மாத்திரைக்காகவும்" என்ற வார்த்தையையும் விடவில்லை.

ஆண்ட்டி கைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தார். மத்தியானத்துக்கு வைத்திருந்த சிவப்புக் கிரில் மாத்திரையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "அதுகளோட சாப்பாட்டை நான் எடுத்து முழுங்கியிருக்கேன்" என்றார். திருப்பிக் கொடுத்துவிடுகிற மாதிரி கடல் பக்கம் கையை நீட்டினார். கடலில் எதையும் போடக்கூடாது என்று பதறிப்போய்த் தடுத்தேன். மாத்திரையை உள்ளேயே வைத்து, டப்பாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கரைக்கு வந்ததும் எல்லோரும் இறங்கினார்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் போட்ட பலகை ஆடியது. கூப்பிடாமல் கையை நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டடி தள்ளியே நின்றேன்.

"என்ன வேடிக்கை பாத்துண்டு நிக்கறே?" என்றார் ஆண்ட்டி. "கையைக் குடு. மாத்திரையும் நின்னாச்சு, இனிமே இந்த முட்டி யாரை நம்பறது?"