செங்கல் மேல் நிற்கும் கார்

விருத்தாசலம் ஜங்ஷனுக்கு முன்னால் என் பழைய கார் நின்றுவிட்டது. நாலு பேர் தள்ளி ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறார்கள். இதை விற்றுவிடத்தான் நினைக்கிறேன். ஆனால் கிளட்ச் மாற்றியதும், இவ்வளவு செலவு செய்துவிட்டு விற்பதா என்று தோன்றுகிறது. அந்த எண்ணம் தணிவதற்குள் ரேடியேட்டர் போய்விடுகிறது.

பீங்கான் செய்கிற இந்த ஊரில் எனக்கு டீ பிளாஸ்டிக் கப்பில் வருகிறது. மெக்கானிக் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்கிறார்.

“பெட்ரோல் பம்பு போச்சு சார். இந்த மாடலுக்குச் சாமான் வர்றதே நின்னுபோச்சு.”

“சிதம்பரத்துல தம்பிக்கு இன்னைக்கு நிச்சயதார்த்தம்ங்க. நான் போயாகணும்.”

“போயிடலாம், இருங்க.”

ஸ்பானரோடு ஷெட்டுக்குப் பக்கவாட்டில் போகிறார். நானும் போகிறேன். என் காரைப் போலவே ஒன்று, சூளையில் கழித்துப் போட்ட செங்கற்களின் மேல் நிற்கிறது. சக்கரம் இல்லை, கதவு இல்லை. அதன் பம்பைக் கழற்றுகிறார்.

“யார் வண்டிங்க இது?”

“கருவேப்பிலங்குறிச்சிக்காரரு ஒருத்தர் ரிப்பேருக்கு வுட்டாரு சார். செலவு எவ்வளவு ஆகும்னு சொன்னேன். பஸ்ஸுல வூட்டுக்குப் போயிட்டு வரேன்னாரு. அதோட சரி.”

பம்பு மாட்டியதும் என் கார் இருமிக்கொண்டு கிளம்புகிறது. அவர் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்.

“சிதம்பரம் போயிடும் சார். திரும்பறப்ப இந்தப் பக்கமா வாங்க.”

கண்ணாடியில் பார்க்கிறேன். செங்கல் மேல் நிற்கும் காருக்குப் பக்கத்தில் கிடந்த டயர்களை அவர் ஒவ்வொன்றாக ஓரத்துக்கு உருட்டி, இன்னொரு கார் நிற்கிற அளவுக்கு இடம் பண்ணிக்கொண்டிருக்கிறார்.