அரையடிக்கு ஒரு முனிவர்

சிலம்பக் கம்பு சொல்லிக் கொடுக்கும் வாத்தியாரம்மாவுக்குக் காலையிலேயே பற்றிக்கொண்டு வந்தது. பகலெல்லாம் தையல் மிஷின், சாயங்காலம் கம்பு என்று அப்பா விட்டுப்போன பள்ளியைக் கட்டி இழுப்பவள் அவள். கம்பைத் தொட்டே பார்க்காத அண்ணனோ, பயிற்சிக் கூடத்துச் சுவரில் ஒரு முனிவரை வரைந்து வைத்திருந்தான். அவருக்குக் கீழே அரசன், தளபதி. மூலையில், ஒண்டிக்கொண்டு, அப்பா.

"யாருண்ணா இந்தத் தாடி?"

"நம்ம மூலகுரு. அடிபட்ட சிங்கத்தைப் பார்த்துதான் அரையடி வைக்கிறதைக் கண்டுபிடிச்சாரு."

"ஆமா, நீ கூட இருந்து பார்த்தே!"

அந்த அரையடிதான் எல்லா வம்புக்கும் காரணம். இந்தப் பள்ளியில் பழகியவர்கள் கம்பு சுற்றும்போது இடது காலை முழுசாக வைக்காமல் பாதியில் இழுத்து நிறுத்துவார்கள். போட்டி நடுவர்கள் அதைத் தப்பு என்று புள்ளியைக் குறைத்தார்கள். எவ்வளவு நன்றாக ஆடினாலும் அவளுடைய பிள்ளைகள் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். இது தனிப் பாணி என்று சிலம்பச் சங்கம் ஒப்புக்கொண்டால்தான் விடிவு. அதைப் பார்க்கத்தான் அன்றைக்குச் சங்கத்துச் செயலாளர் வந்தார்.

சுவரைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "இங்கேயுமா? போற இடமெல்லாம் ஒரு முனிவர், ஒரு மிருகம். அலுத்துப் போச்சும்மா."

அண்ணன் சிங்கத்தை ஆரம்பித்தான். அவளால் பொறுக்க முடியவில்லை.

"சிங்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை சார். எங்கப்பா கிடங்குல மூட்டை தூக்கினவர். மூட்டை சரிஞ்சு கால் நசுங்கிடுச்சு. நொண்டிக்கிட்டேதான் சொல்லிக் கொடுத்தார். பழக வந்தவங்க கம்போட நொண்டலையும் பழகிட்டாங்க. அவ்வளவுதான் சங்கதி."

"கெடுத்தியே!" என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அப்போ நொண்டலை விட்டுட்டு ஆடுங்களேன்," என்றார் செயலாளர். "புள்ளியும் போகாது."

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. கம்பை எடுத்தாள். கால் பாதியில் நின்றது. மறுபடி சுற்றினாள், மறுபடி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு முழு அடி வைத்தாள். கம்பு கையைவிட்டுப் பறந்து முனிவரின் தாடியில் மோதி விழுந்தது.

"ஐயோ அப்பா, செத்தும் என் காலை விடமாட்டேங்கறியே!" என்று கத்திவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விறுவிறுவென்று போய்க் கம்பை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

செயலாளர் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நடக்கும்போது கால் நல்லாத்தானே இருக்கு. கம்பு சுத்தினா மட்டும்தான் நிக்குது. இதுதாம்மா பாணி. சங்கத்துல நான் பேசறேன். சுவரை மட்டும் சரி பண்ணுங்க."

"அரசனையாவது விட்டுடலாமே?" என்று அண்ணன் முனகினான்.

அவள் சுண்ணாம்பு பிரஷ்ஷை அவன் கையில் திணித்தாள்.

"தாடியிலேர்ந்து அழிக்க ஆரம்பி. அப்பா மேலே வரணும்."