நின்றபடி வேலை செய்தவர்

பத்து காஜா டவுனிலிருந்து கணினி பழுதுபார்க்க வந்தவர் ஒல்லியானவர். கண் சிமிட்டவே மாட்டார். எங்கள் தோட்டத்தில் லாரி எடை போடும் பழைய புரோகிராம், மெமரி போதவில்லை என்று காட்டிவிட்டு நின்றுபோயிருந்தது. வெளியே லாரிகளில் எண்ணெய் ஆட்டப் போகவேண்டிய செம்பனைப் பழம் அழுகிக்கொண்டிருந்தது. அவரோ நாற்காலி காலியாக இருந்தும் நின்றபடியே தட்டிக்கொண்டிருந்தார்.

"உக்காந்து சட்டுனு முடிங்கண்ணே" என்று எரிந்து விழுந்தேன்.

"கிராணி உக்காந்திருக்காரு லா" என்றார்.

அந்தப் புரோகிராமைப் போட்ட கிராணி, எங்கள் ஆபீஸ் குமாஸ்தா, செத்துப் பல வருடம். இவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

காலி நாற்காலிப் பக்கம் குனிந்து, "மெமரி செட்டிங் எவ்வளவு வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். தலையாட்டிக்கொண்டார். ஓர் எண்ணைத் தட்டினார். புரோகிராம் ஓடியது.

பேய் பிசாசு எல்லாம் சுத்த மடத்தனம். ஆனாலும் இப்போது நானும் நின்றுகொண்டுதான் எடை போடுகிறேன்.