பிணை நின்றவர்

அந்தக் காலத்தில் எங்கள் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தின் கூட்டங்கள் குடாநாட்டுத் திருநெல்வேலியில் செயலாளரின் வீட்டு வளவில் நடந்தன. மாமரத்தின் கீழ் உட்காரச் சில வாங்குகள், பக்கத்தில் பொம்பர் குண்டு போட வந்தால் இறங்கப் பதுங்கு குழி. கூட்டம் தொடங்குமுன் செயலாளர் குழியைக் காட்டி, "முதலாவது விசயம் உது. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. முழங்கால் வருத்தக்காரியான மாமி, என் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக் குழியில் நேரத்துக்கு இறங்குவாவா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அன்று பேசியது என் வேலையைப் பற்றி. தகுதிகாண் காலத்தில் இருந்த விரிவுரையாளர்கள், அந்தக் காலம் முடிவதற்குள் முதுமாணிப் பட்டம் எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் ஒப்பந்தம் நின்றுவிடும். சண்டையால் பாதை பூட்டிக் கிடக்கையில் தெற்கே போய்ப் படிப்பது எப்படி? கால நீடிப்புக் கேட்டுச் சங்கம் கொழும்பிலுள்ள உயர்கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் நேரில் போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. பாதிக்கப்பட்டவர்களில் என்னைத் தவிர மற்றவர்கள் இளம் ஆண்கள். வவுனியாச் சோதனைச் சாவடியில் ஆமி பிடித்தால் எப்போது விடுவான் என்று சொல்லமுடியாது.

"பிள்ளையோடை போற பொம்பிளையளை அவங்கள் பெரிசாக் கரைச்சல் படுத்தமாட்டாங்கள்" என்றார் தலைவர்.

"அப்ப உங்கடை மனுசியை அனுப்புங்கோவன் சேர். பிள்ளையை இரவல் எடுக்கலாம்" என்றார் பொருளாளராக இருந்த அக்கா.

ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கணவர் வேலை செய்த தொழிற்சாலை மூடிக் கிடந்தது. என் வேலையும் போனால்? "நான் போறன்" என்றேன். சொன்ன கையோடு, சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று நினைத்தேன்.

குடாநாட்டை விட்டுப் போக, அதைக் கையில் வைத்திருந்த இயக்கத்தின் பயண அனுமதிப் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்க வீட்டாரல்லாத ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவர் தவணைக்குத் திரும்பாவிட்டால், பிணை நின்றவரைத்தான் பிடிப்பார்கள். சங்க உறுப்பினர் ஒருவர் போனால் செயலாளர் பிணை நிற்பது எங்கள் வழக்கம். சங்கத்தின் யாப்பு விதிகளில் எழுதாத வழக்கம். அவர் தை மாதத்தோடு ஓய்வு பெற இருந்தவர்.

பாஸ் கந்தோரில் அவர் கையெழுத்து வைத்த அன்று, அவர் வீட்டில் தேத்தண்ணி தந்துவிட்டு அவருடைய மனைவி மெதுவாகச் சொன்னார்:

"முந்தி ஒருத்தருக்குப் பிணை நிண்டவர். அந்த ஆள் இப்ப கனடாவிலை. இவரைக் கொண்டுபோய் வைச்சிருந்து விசாரிச்சவங்கள். பிரசர்க் குளிசைகூடக் குடுக்க விடேல்லை. உமக்காகச் சொல்லேல்லை, பிள்ளை. நீர் வருவீர்தானே?"

"ஓம் அன்ரி."

புறப்படும்போது என் கணவர் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தபடி, "அங்கை நிலமையைப் பாரும். நிக்கிறதெண்டால் நில்லும். என்னைப் பற்றி யோசிக்காதையும்" என்றார். அவர் அதைச் சொல்லியிருக்கவேண்டாம்.

கிளாலிக் கடலேரியைக் கடக்க இரவில் படகேறியபின் குழந்தையின் வாயை என் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தேன். அழுதால் கடற்படைக்குக் கேட்கும் என்று பயம். அழுத்தினால் மூச்சு நின்றுவிடும் என்று பயம். விரலால் அதன் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே அக்கரை போய்ச் சேர்ந்தேன்.

கொழும்பு அலுவலகத்தில் அதிகாரியம்மா மரியாதையாகத்தான் பேசினார். இதை முன்னரே வந்து சொல்லியிருக்கலாமே என்றார். எப்படி வருவது என்று கேட்க வாயெடுத்தேன். காரியம் கெட்டுவிடும் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டேன். எங்கள் கோரிக்கையை அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார்.

கொழும்பில் நான் தங்கியது வெள்ளவத்தையில், அண்ணன் வீட்டில். அங்கே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. தெருமுனையிலேயே டாக்குத்தர், மருந்து, ஊரில் இல்லாத மின்சாரத்தில் இரவெல்லாம் மின்விசிறி.

"உன்ரை தலைக்குள்ளை என்ன களிமண்ணோ?" என்றார் அண்ணன். "பொம்பர் இல்லாத இடத்திலை பிள்ளையை வைச்சிருக்கிறாய். ஏன் திரும்பக் கொண்டு போறாய்?"

"சேர் பிணை நிக்கிறார் அண்ணை."

"வயசு போன மனுசனை என்ன செய்யப்போறாங்கள்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

திரும்பாவிட்டால் செயலாளருக்கு எழுதவேண்டிய கடிதத்தை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். குழந்தைக்குச் சுகமில்லை என்ற வரிக்கு மேல் வசனம் ஓடவில்லை. குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். காய்ச்சல் விட்டிருந்தது. சுகம் வந்துவிட்டதே என்று ஒரு கணம் எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. திரும்புவது சரியா பிழையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புறப்பட்டேன்.

வவுனியாவில் ஆமி மறித்து வைத்ததில் பாஸின் தவணை கடந்துவிட்டது. கிளாலியில் இறங்கி எங்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே திருநெல்வேலிக்குப் போனேன். வாசல் படலை திறந்தபடி கிடந்தது. செயலாளர் விறாந்தையில், தோய்த்த வேட்டியும் சேட்டும் உடுத்து, வெளியே போகும் ஆளைப்போல இருந்தார். கதிரைக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை. அதற்குள் மடித்த சாரம், துவாய், மேலே குளிசைப் போத்தல்.

அவர் முதலில் குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னை.

"வந்திட்டீர். கொழும்பிலை என்ன சொன்னவை?"

"அடுத்த கூட்டத்திலை வைக்கினமாம் சேர்."

"நல்லது. சங்கத்துக்கு அறிவிப்பம்."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். பையை எடுத்துக்கொண்டு போனார். குளிசைப் போத்தலை அலுமாரித் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

எங்களுக்குக் கால நீடிப்புக் கிடைத்தது. தையில் அவர் ஓய்வு பெற்றார். ஓய்வூதிய அலுவலை முடிக்க அவரே கொழும்பு போகவேண்டி வந்தது. அவருடைய பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் என்பது எங்களுக்குத் தெரியும். மாமரத்தின் கீழ் கூடியிருந்தோம். அவருக்கு யார் பிணை என்ற கேள்வி வந்தது.

"நான் நிக்கிறன்" என்றேன்.

"நான் வராட்டில் என்ன செய்வீர், பிள்ளை?" என்று அவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் போன நாளிலிருந்து எங்கள் விறாந்தையிலும் ஒரு பை இருந்தது. என்னுடைய சேலை ஒன்று, குழந்தையின் துணிகள், கொஞ்சம் பால்மா. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவதா, மாமியிடம் விடுவதா என்று முடிவெடுக்க முடியாமல் அந்தத் துணிகளை வெளியே எடுப்பேன், திரும்ப வைப்பேன். படலையடியில் சைக்கிள் ஒன்று நின்றால், இயக்கத்துக்காரரோ என்று என் கை முதலில் பையைத்தான் தேடும்.