களம்பூரில் அணைந்த பெட்டி

“பாப்பா, பொட்டி செத்துப்போச்சு.” எடைமேடை அக்காவை நினைத்தால் முதலில் வருவது அந்தக் குரல்தான். ஆரணியில் ஒரு பட்டுக்கடை மாடியில் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து எனக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. முதலாளிக்குக் களம்பூரில் ஓர் அரிசி ஆலையும் உண்டு. அங்கே நெல் லாரிகளை எடை போட்டு, கம்ப்யூட்டரில் பதிந்து சீட்டுக் கொடுப்பவர் அக்கா. போனில்தான் பழக்கம், நேரில் பார்த்ததில்லை.

அன்று காலை, சீட்டில் தேதி தவறாக விழுகிறது என்று கூப்பிட்டார். நான் ஆரணியில் உட்கார்ந்தபடியே களம்பூர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. எதைச் சொல்வதானாலும் தட்டச்சு செய்துதான் சொல்ல வேண்டும். தேதியைத் திருத்தினேன். இனி ‘எக்சிட்’ என்று அடித்தால் போதும். தொடர்பு மட்டும் முடிந்து நான் வெளியே வந்துவிடலாம். ஆனால் கல்லூரி லேபில் மூன்று வருடம், எழுந்திருக்குமுன் கம்ப்யூட்டரை அணைத்தே பழகிய கை. ‘ஷட்டவுன்’ என்று அடித்துவிட்டது. தொடர்பு முடிந்ததாகத் திரை சொன்னது. தனியாகச் செய்த முதல் வேலை என்ற பெருமையில் ஒரு டீ சொன்னேன். டீ வருவதற்குள், பொட்டி செத்துப்போச்சு என்று அக்காவின் போன் வந்தது.

மறுபடி உள்ளே நுழையப் பார்த்தேன். பதிலே இல்லை. அணைந்த கம்ப்யூட்டரை யாராவது பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்தித்தான் எழுப்ப வேண்டும். “பொத்தானை அமுக்குங்கக்கா” என்றேன்.

“எங்க அமுக்குறது? உமித் தூசி படும்னு முதலாளி அத பீரோல வச்சிப் பூட்டிகினு பூட்டாரு. ஸ்கிரீனும் கீபோர்டும்தான் வெளிய கீது. சாவி பெரணமல்லூர்ல கல்யாணச் சாப்பாடு சாப்ட்டுகினு கீது.”

முதலாளி போனை எடுக்கவில்லை. ஆலை வாசலில் ஐந்து லாரிகள் நின்றுவிட்டன. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. தார்ப்பாய் போடாத நெல். பீரோவில் ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். “காத்துக்கு சல்லட மாதிரி போட்டுக்கீறாங்க. வெரல் போவாது. இரு, குத்தூசி எடுத்தாரேன்.”

மூட்டையில் குத்தி நெல்லை எடுத்துப் பார்க்கும் அந்த இரும்பு ஊசியை அக்கா ஓட்டை வழியாக நுழைத்தார். நான் என் மேஜையிலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தபடி வழி சொன்னேன்: மேலே, கொஞ்சம் வலது, இன்னும் மேலே. டக்கென்று ஒரு சத்தம். “இருந்த ஒத்த லைட்டும் பூடுச்சி பாப்பா.” குத்தியது, கரண்ட் போனால் தாங்குவதற்குப் பக்கத்திலேயே வைத்திருந்த யூபிஎஸ்ஸை. மறுபடி அதைக் குத்தி எழுப்பி, பிறகு கம்ப்யூட்டரைத் தேடினோம். லாரிக்காரர்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு திசை சொல்வது போனில் கேட்டது. கடைசியில் “வந்துடுச்சி!” என்று அத்தனை பேரும் கத்தினார்கள்.

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். “நான்தான்க்கா அணைச்சேன். இங்கிருந்தே.”

“அங்க குந்திகினு இங்க அணைச்சியா? அப்ப எங்க வூட்டு டிவியையும் அணைப்பியா? மாமியா சீரியல் பாக்குற பேஜாரு தாங்கல.”

மறுநாள் பீரோவில் கீறல்களைப் பார்த்த முதலாளியிடம், வயரைத் தான் மிதித்ததில் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டதாக அக்கா சொல்லியிருக்கிறார். அது என் காதுக்கு வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. களம்பூருக்குப் பஸ் ஏறினேன். குரலை வைத்துப் பெரிய உருவத்தை எதிர்பார்த்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாத சின்ன ஆள் அக்கா. எதிரே முதலாளி.

“அவங்க இல்லீங்க, நான்தாங்க அணைச்சேன்.”

“பாப்பா பொய் சொல்லுதுங்க. நான்தான் மிதிச்சேன்.”

முதலாளி எங்களை மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னா, நான் யாரத் திட்றது?”

“பூட்டுனது நீங்கதானேங்க” என்றார் அக்கா, மெதுவாக.

முதலாளி பீரோவைச் சற்று நேரம் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியை அக்காவின் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

இப்போது சென்னையில் வேலை. நான் நுழைந்து வெளியேறும் கம்ப்யூட்டர்கள் எந்த நாட்டில் இருக்கின்றன என்றுகூடத் தெரியாது. ‘எக்சிட்’ என்று அடித்ததும் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகே அடுத்த விசையைத் தொடுகிறேன். பக்கத்து இருக்கைக்காரர் சிரிப்பார். அவரும் தவறு செய்யாதவரில்லை. அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள அவருக்கு ஓர் அக்கா வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.